கோலார் தங்க நாளங்கள்

கோலார் தங்க நாளங்கள் கர்நாடகத்தின் கோலார் பச்சைப்பாறைப் பட்டையில் அமைந்த, தங்கம் செறிந்த குவார்ட்ஸ் நாளங்கள். இவற்றின் இடத்தையும் வடிவத்தையும் தீர்மானித்தவை புவியோட்டின் தொன்மையான அசைவுகள்.

நிலவியல் பின்னணி

தார்வார் நிலக்கரு என்னும் தொன்மையான, உறுதியான கண்டப்பகுதியின் கிழக்கில் வடக்கு தெற்காகச் சுமார் 80 கி.மீ. நீளும் இப்பட்டை, சில கி.மீ. அகலமே உடையது. சுமார் 270 கோடி ஆண்டுகளுக்கு முன் பரவிய எரிமலைக் குழம்பு பின்னர் ஆம்பிபோலைட் பாறையாக உருமாறியது. பட்டையின் இருபுறமும் உள்ள நைஸ் பாறைகள் வயதிலும் வேதியியலிலும் வேறுபடுகின்றன. எனவே, தனித்தனியே தோன்றிய இரு நிலத்துண்டுகள் சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன் மோதி ஒட்டிய எல்லை இது என்று ஆய்வாளர் பலர் கருதுகின்றனர்.

உருவாக்கம்

மோதலில் ஆழத்துக்குச் சென்ற பாறைகள் சூடேறி, தம் கனிமங்களில் பிணைந்திருந்த நீரையும் கரியமில வாயுவையும் வெளியேற்றின. கந்தகச் சேர்மங்களோடு பிணைந்து இந்த வெந்நீரில் கரைந்த தங்கம், பாறை நெரிபட்ட வலயங்கள் வழியே மேலேறியது. வழி அடைபட்டிருந்தவரை நீரின் அழுத்தம் கூடிக்கொண்டே போனது. நிலம் நழுவி நடுங்கியபோது பிளவு திறந்து அழுத்தம் சட்டென இறங்கியது. உடனே குவார்ட்ஸ் படிந்தது. கந்தகம் வாயுவோடு பிரிந்ததால் தங்கமும் கரைசலில் நிற்க முடியாமல் படிந்தது. படிவு பிளவை மூட, அழுத்தம் மறுபடி ஏறியது. 1988இல் ரிச்சர்ட் சிப்சனும் பிறரும் விளக்கிய இச்சுழற்சி ‘பிளவு வால்வு’ எனப்படுகிறது.

இத்தகைய நாளங்களில் வெண் குவார்ட்ஸ் அடுக்குகளுக்கிடையே கருநிறப் பாறைக் கீற்றுகள் வரிவரியாகத் தெரியும். ஒவ்வொரு வரியும் ஒருமுறை பிளந்து மூடியதன் தடயம். நாளம் வளையும் இடங்களில் பாறை கூடுதலாக விரிந்து இடம்விட்டதால், வளமான தாது அங்கே திரள்வது வழக்கம்.

சுரங்கப்பணி

1880 முதல் ஜான் டெய்லர் அண்டு சன்ஸ் நிறுவனம் இங்கே தங்கம் எடுத்தது. செங்குத்தாகச் சரியும், சாம்பியன் எனப்படும் நாளத்தைப் பின்தொடர்ந்தே சுரங்கங்கள் 3 கி.மீ.க்கும் அதிக ஆழத்தை எட்டின. அந்த ஆழத்தில் அழுத்தம் தாளாமல் நேர்ந்த பாறைவெடிப்புகள் பல உயிர்களைப் பலிகொண்டன. தொழிலாளரில் பெரும்பாலோர் தமிழர். 800 டன்னுக்கு மேல் தங்கம் தந்த கோலார் தங்கவயல் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டது.