ஆளில்லா அறையில் எரியும் விளக்கு

மலர்க்குழு நண்பர்கள், "உன் தொழில் சம்பந்தமா ஏதாவது எழுது, ஆனா ஃபார்முலா மட்டும் வேண்டாம்" என்று சொல்லிவிட்டார்கள். கட்டடங்களுக்கு மின்னமைப்பு வடிவமைப்பது என் பிழைப்பு. அதில் எனக்கு மிகவும் பிடித்த சின்ன வரலாறு ஒன்று உண்டு. எல்லாரும் போன பிறகு விளக்கை யார் அணைப்பது என்பதுதான் அது.

இதற்கு ஒரு கருவி வைக்கலாம் என்ற யோசனை பழையது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பிரான்சில் அடுக்குமாடி வீட்டுப் படிக்கட்டுகளில் ஒரு பொத்தான் வந்துவிட்டது. அமுக்கினால் விளக்கு எரியும், சிறிது நேரத்தில் தானே அணையும். மெதுவாக ஏறும் பெரியவருக்குப் பாதிப் படியில் இருட்டு! அந்தப் பொத்தானுக்கு நேரம் தெரியும், ஆள் தெரியாது.

ஆளைத் தெரிந்துகொள்ளும் கருவி பிறந்தது திருடனைப் பிடிக்க. 1950களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் சாமுவேல் பாக்னோ என்பவர் காதுக்குக் கேட்காத ஒலியை அறையில் பரப்பி, நகரும் உருவத்தில் பட்டுத் திரும்பும்போது அதன் அதிர்வெண் மாறுவதைக் கண்டு மணியடிக்கும் அலாரத்தைச் செய்தார். பிளஸ் டூவில் நாம் படித்த டாப்ளர் விளைவுதான்.

அந்தக் கருவியை விளக்கோடு சேர்க்கப் பெரிதாக யாரும் முனையவில்லை. மின்சாரம் அவ்வளவு மலிவு. அக்கால அமெரிக்க அலுவலகக் கோபுரங்கள் பலவற்றில் அறைக்கு அறை சுவிட்சே கிடையாது. மாடி முழுவதற்கும் பேனல் போர்டில் சில பிரேக்கர்கள்தான். சுவிட்சுக்கு ஒயர் இழுக்கும் கூலியைவிட லைட் எரிந்துவிட்டுப் போவது மேல் என்று கணக்குப் போட்டார்கள். இரவில் பெருக்க வரும் ஒருவருக்காக ஒரு மாடியே ஜொலிக்கும்.

1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெய்த் தடை விதித்தன. பீப்பாய் 3 டாலர் அளவில் இருந்த விலை, சில மாதங்களில் 12 டாலரை நெருங்கியது. அதன் பிறகுதான் சுவிட்சின் அருமை தெரிந்தது. 1975இல் ஆஷ்ரே என்ற பொறியாளர் சங்கம் கட்டடங்களுக்கான முதல் எரிசக்தித் தரவிதியை வெளியிட்டது. திருடன் பிடிக்கும் கருவிக்கு விளக்கணைக்கும் வேலையும் கிடைத்தது.

1979இல் இங்கிலாந்தில் ஹன்ட் என்ற ஆய்வாளர் வெளியிட்ட கட்டுரையைத்தான் இந்த வரலாற்றின் நடுப்பகுதி என்பேன். அலுவலகங்களிலும் வகுப்பறைகளிலும் மனிதர்கள் சுவிட்சை எப்போது தொடுகிறார்கள் என்று கவனித்திருக்கிறார். உள்ளே நுழையும்போது இருட்டாகத் தெரிந்தால் போடுகிறார்கள். பிறகு வெயில் எவ்வளவு ஏறினாலும் சரி, அறை முழுக்கக் காலியாகும்வரை யாரும் அணைப்பதில்லை. போடுவதற்கு இருட்டு ஞாபகப்படுத்துகிறது. அணைப்பதற்கு ஞாபகப்படுத்த எதுவும் இல்லை. நம் வகுப்பறைகளும் இப்படித்தானே? முதல் ஆளாக வருபவன் சுவிட்ச் போர்டை மொத்தமாகத் தட்டிவிட்டு உட்காருவான். சாயங்காலம் அட்டெண்டர் அண்ணன் மூன்று மாடி ஏறி ஒவ்வொரு அறையாக அணைத்துக்கொண்டே வருவார்.

ஆகவே மனிதன் போடட்டும், கருவி அணைக்கட்டும் என்பதே சரியான பங்கீடு. இந்த எளிய விஷயம் விதியாக வர 2010 ஆயிற்று. அந்த ஆண்டு ஆஷ்ரே விதி, கருவி தானாகப் போடுவதானால் பாதி வெளிச்சத்துக்கு மேல் போடக்கூடாது, மீதியை ஆள் போட்டுக்கொள்ளட்டும் என்றது. நம் நாட்டில் 2007இல் வந்த எரிசக்திச் சேமிப்புக் கட்டட விதி, 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கட்டடங்களில் கூட்ட அறை, சரக்கறை மட்டுமல்ல, பள்ளி வகுப்பறைக்கும் இந்தச் சென்சாரைக் கேட்டது. ஆனால் மாநில அரசு அறிவித்தால்தான் அது கட்டாயம். அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தினர் பழைய ஆய்வுகளைத் தொகுத்து 2012இல் தந்த கணக்கு: இவ்வகைச் சென்சாரால் விளக்கு மின்சாரத்தில் சராசரியாக 24 சதவீதம் மிச்சம்.

அதே 2012இல் நாங்கள் இறுதியாண்டு. மின்வெட்டு மாவட்டங்களைப் படுத்தியெடுத்த வருடம் அது. கரண்ட் போகும்போது ஆன் செய்திருந்த சுவிட்ச் அப்படியே இருக்கும். ஆள் போன பிறகு கரண்ட் வந்து, காலி வகுப்பில் எல்லாம் எரியும், சுழலும். இதை எந்த வெளிநாட்டு ஆய்விலும் நான் பார்த்ததில்லை.

இன்று அதிகம் விற்பது உடல் வெப்பத்தை உணரும் வெள்ளைக் கிண்ணம் போன்ற சென்சார். அதன் பிளாஸ்டிக் லென்ஸ் அறையைத் துண்டு துண்டாகப் பிரித்துப் பார்க்கும். ஒரு துண்டிலிருந்து அடுத்ததுக்கு வெப்பம் நகர்ந்தால் ஆள் உண்டு என்று அர்த்தம். அசையாதவன் அதற்கு இல்லாதவன். அதனால் பரீட்சை ஹாலில் மாட்டாதீர்கள். அரியர் எழுதுபவன் சிலை மாதிரி உட்கார்ந்திருப்பான். இன்னொரு சங்கடம் நம் வெயில். மே மாதத்தில் சுவரும் சட்டையும் ஒரே சூட்டில் இருந்தால் சென்சாருக்கு ஆள் மங்கலாகத்தான் தெரிவான். மீயொலி வகையை வைக்கலாம் என்றால், தலைக்கு மேல் சுற்றும் ஃபேனையே ஆள் என்று எண்ணிக்கொள்ளும்! நம் ஊருக்கு வெப்பச் சென்சாரே மேல். அணைக்கும் தாமதத்தைப் பதினைந்து நிமிடமாக வைத்தால் போதும்.

பழைய டியூப் லைட் சோக்கோடு சேர்த்து 55 வாட் தின்றது. இப்போதைய எல்இடி 20 வாட். லாபம் அந்த அளவுக்குச் சுருங்கிவிட்டது என்பது உண்மை. ஆனால் எட்டு ஃபேன் உள்ள வகுப்பைப் பாருங்கள். பழைய ஃபேன் ஒன்றுக்கு 75 வாட், மொத்தம் 600 வாட். மதியம் ஒரு மணி நேரம் காலியாகச் சுற்றினால், வருடத்துக்கு 200 வேலைநாளில் 120 யூனிட், ஓர் அறைக்கு மட்டும். விளக்குக்காகப் பிறந்த கருவியை நாம் ஃபேனுக்கும் சேர்த்துக் கட்ட வேண்டும்.

புதிய பிளாக்குக்கு நம் சங்கம் நிதி திரட்டுவதால் எலக்ட்ரீஷியனிடம் ஒரு வார்த்தை. லைட்டுக்கென்று மலிவாக விற்கும் சென்சாரில் எட்டு ஃபேனையும் நேரடியாகக் கோக்க வேண்டாம். உள்ளே இருக்கும் ரிலேயின் காண்டாக்ட் ஒட்டிக்கொண்டால் அப்புறம் அது எதையும் அணைக்காது. நடுவில் ஒரு காண்டாக்டர் போட்டுவிடுங்கள்.