பண்டாரவளை: வதிந்தவரும் வாழ்ந்தவரும்

அமைதியாகக் குடியிருப்பதற்கென்றே தோன்றிய சிற்றூர்கள் உலகில் பல. பாரிசுக்கு மேற்கே லெ வெசினே என்னும் ஊர், மரங்களும் மாளிகைகளுமாக 19ஆம் நூற்றாண்டில் அப்படித்தான் எழுந்தது. எங்கள் ஊவாவில் அத்தகைய ஊர் பண்டாரவளை.

கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 4,000 அடி உயரம். நுவரெலியாவின் கடுங்குளிரும் இல்லை, பதுளையின் வெக்கையும் இல்லை. இலைநோயால் கோப்பி அழிந்து தேயிலை பரவிய காலத்தில், 1894இல், இங்கு ரயில் வந்தது. துரைமாருக்கு விடுதி எழுந்தது. சரிவுகளில் பங்களாக்கள் தோன்றின. கொழும்புச் செல்வரும் ஓய்வுபெற்ற உத்தியோகத்தரும் நல்ல காற்றை நாடி வந்து வதிந்தனர்.

என் தாத்தாவும் இவ்வூருக்கு வருவார், வதிவதற்கு அல்ல. சம்பளத்தை அடுத்த ஞாயிற்றுக்கிழமை, என்னைக் கையில் பிடித்துக்கொண்டு, மலைப்பாதையில் இறங்கி வருவார். அரிசி, கருவாடு, மண்ணெண்ணெய், அப்பாயிக்கு வெற்றிலை. பொழுது சாயுமுன் லயத்துக்குத் திரும்பிவிடுவோம். அவரைப் போன்றவர்கள் வராத வாரத்தில் கடைத்தெரு களையிழந்து கிடக்கும்.

1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1949இல் வந்த சட்டத்தின் கீழ் விண்ணப்பிக்க, மணமானவர் 1946க்கு முன் 7 ஆண்டுகள் இடையறாது இங்கு வதிந்ததை நிரூபிக்க வேண்டும். தாத்தா விண்ணப்பித்தார். பிறந்ததும் கொழுந்துக் காட்டில் வளர்ந்ததும் இங்கேதான். ஆனால் லயத்துக் காம்பராவுக்கு உறுதி ஏது, வாடகைச் சீட்டு ஏது? நிராகரித்து வந்த கடிதத்தைத் தகரப்பெட்டியின் அடியில் வைத்திருந்தார். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கிய வயதில், அதை நான் எடுத்தபோது மெல்ல வாங்கி மடித்து வைத்தார், ஒன்றும் சொல்லவில்லை.

2003இல், 1964 அக்டோபர் 30 முதல் நிரந்தரமாக இந்நாட்டில் வதியும் இந்திய வம்சாவளியினருக்கும் அவர்தம் சந்ததியினருக்கும் பிரசாவுரிமை அளிக்கும் சட்டம் நிறைவேறியது. அப்பாயி அதைக் கண்டாள். தாத்தா அதற்கு முன்பே தேயிலைச் செடிகளுக்கு அருகில் மண்ணோடு மண்ணாகியிருந்தார்.

நேயர்களே, ஓர் ஊரின் வரலாற்றை அதன் அழகிய வீடுகளிலிருந்து எழுதுவது எளிது. பண்டாரவளைக்குச் செல்வோர் அந்தப் பங்களாக்களைப் பாருங்கள். பின்பு சற்றே தலைநிமிர்ந்து, மேலே மலைமுகட்டில் வரிசையாகத் தெரியும் லயங்களையும் பாருங்கள். அங்கிருந்து இறங்கி வந்தவர்களும் இவ்வூரின் மக்களே.