வேட்டைக்காடு காப்புக்காடான வரலாறு

கடல் கடந்து ஆப்பிரிக்கா சென்று, ஆங்குள்ள தேசிய வனங்களில் சிங்கத்தையும் ஒட்டகச்சிவிங்கியையும் கண்டு மீளும் அன்பர்கள் இன்று நம்மிடையே உளர். அவர்கள் கூறும் செய்திகள் கேட்கக் கேட்க இனிப்பனவே. ஆயினும், ரிச்சர்ட்ஸ் டவுனிலிருந்து வைகறையில் புறப்பட்டால் நண்பகலுக்குள் அடையத்தக்க பந்திப்பூர்க் கானகத்தின் வரலாற்றை நம்முள் எத்துணைப் பேர் அறிவோம்? உதகைக்குச் செல்லுங்கால் அதனை ஊடறுத்தே செல்கின்றோம். அதன் கதையைக் கேளாமலே கடந்துவிடுகின்றோம்.

பந்திப்பூர் முன்னாளில் மைசூர் மன்னர்களின் வேட்டைக்காடு. தென்னாப்பிரிக்காவில் குரூகர் தேசிய வனம் 1926ஆம் ஆண்டில் அமைந்தது. ஐந்தாண்டுகள் கழித்து, 1931இல், நான்காம் கிருஷ்ணராஜ உடையார் ஆட்சியில், பந்திப்பூரில் 90 சதுர கிலோமீட்டர் காடு விலங்குகளுக்கெனக் காக்கப்பட்டது. கோபாலசுவாமி மலைமேல் எழுந்தருளியுள்ள இறைவன் பெயரால் அதற்கு வேணுகோபால வனவிலங்குப் பூங்கா எனப் பெயரிட்டனர். காட்டு நிலத்திற்கு மாயோனைத் தெய்வமாகக் கூறினார் தொல்காப்பியர். குழலூதும் அப்பெருமான் பெயரையே இக்கானகம் தாங்கியது நமக்கு உவகையளிக்கும் செய்தியன்றோ? 1941இல் காப்புப் பரப்பு 800 சதுர கிலோமீட்டராக விரிந்தது.

அண்மையிலுள்ள காக்கன்கோட்டையின் கதை வேறு. மைசூர் நாட்டில் 1870களில் சாண்டர்சன் என்னும் ஆங்கிலேயர் கெட்டா முறையைத் தொடங்கினார். பறைமுழக்கியும் தீப்பந்தம் ஏந்தியும் யானைக் கூட்டத்தை விரட்டி, மரவேலிக்குள் அடைத்துப் பிடிக்கும் முறை அது. பின்னாளில் காக்கன்கோட்டைக் கெட்டா, மன்னரின் விருந்தினர் கண்டுகளிக்கும் பெருங்காட்சியாயிற்று. கன்றைப் பிரிந்த பிடியின் கதறலும் அக்காட்சியின் ஒரு பகுதியே. இறுதிக் கெட்டா நிகழ்ந்தது 1971இல். பின்னர்க் கபினி அணை எழுந்தது. அந்நிலத்தின் பெரும்பகுதி நீருள் மறைந்தது. இன்று கோடையில் அந்நீர்க்கரையிலே யானைகள் அச்சமின்றித் திரள்கின்றன.

1972இல் நாட்டுப் புலிகளைக் கணக்கெடுத்தபோது ஏறத்தாழ 1,827 எனக் கண்டனர். அவ்வாண்டே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. 1973இல் தொடங்கிய புலிகள் திட்டத்திற்குத் தேர்ந்த ஒன்பது காடுகளுள் தென்னாட்டிலிருந்து இடம்பெற்றது பந்திப்பூர் ஒன்றே. 2022ஆம் ஆண்டு மதிப்பீடு, நாட்டில் ஏறத்தாழ 3,682 புலிகள் உள எனக் கூறுகின்றது. ஆப்பிரிக்கக் காடுகளில் புலி இல்லை; சங்கப் புலவர்கள் பாடிய ஆமாவும் இல்லை. இரண்டும் நம் அண்டைக் காட்டில் வாழ்கின்றன.

எனினும், இவ்வெற்றிக்கு விலை கொடுத்தவர்களை மறத்தல் அறமாகாது. காடு காப்புக்காடானபோது, தேன் குறும்பர் முதலிய தொல்குடியினர் பலர் தம் வாழிடம் விட்டுப் பெயர்ந்தனர். காட்டின் தடமறிந்தவர் அவர்களே. பழகிய யானைகளுக்குப் பாகராய் நின்றவரும் அவர்களே. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் அவர்தம் உரிமையை ஏற்றது. ஏட்டிலுள்ள உரிமை குடிசை வாயிலை எட்டுவதே இனி வேண்டுவது.

மோயாற்றின் இக்கரை பந்திப்பூர். அக்கரை 1940இல் சரணாலயமாகிய முதுமலை. கன்னட மண்ணில் மேய்ந்த களிறு தமிழ் மண்ணில் நீர் பருகும். அதற்கு எல்லையும் இல்லை, மொழிப்பூசலும் இல்லை. ஈரிடத்தையும் தாயகமாய்க் கொண்டு வாழும் நமக்கு அதனினும் நல்லாசான் யார்?

விலங்குகள் வண்டிகளில் அடிபட்டு மடிவதைத் தடுக்க, 2009இல் அக்காட்டு நெடுஞ்சாலைகளில் இரவுப் போக்குவரத்தை நிறுத்தினர். வாயில் அடைபட்டதென வெகுள்வோர் நம்முள்ளும் உண்டு. பகலெல்லாம் நமக்கு வழிவிடும் காட்டிற்கு இரவினை விட்டுக்கொடுத்தல் பெரும் ஈகையன்று. குரங்கிற்குத் தின்பண்டம் எறியாமலும், வண்டியை விட்டு இறங்காமலும், குப்பையிடாமலும் செல்வோம். அடுத்த முறை உதகைக்குப் புறப்படுங்கால், இவ்வரலாற்றை வழியிலேயே நம் மக்களுக்குக் கூறுவோமாக.