நரம்பறிவியல் முனைவர் படிப்புச் சேர்க்கை (இந்தியா)

மூளையையும் நரம்பு மண்டலத்தையும் ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற விரும்புவோரை இந்திய ஆய்வு நிறுவனங்கள் தேர்ந்தெடுக்கும் முறை இது. தேசியத் தகுதித் தேர்வு, நிறுவனத்துக்கு நேரடி விண்ணப்பம், நேர்காணல் என்று மூன்று படிகள் உண்டு. மருத்துவர்கள் படிக்கும் டி.எம். நரம்பியலோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அது நோயாளிக்குச் சிகிச்சை அளிக்கும் பயிற்சி. இது ஆய்வு செய்யும் பயிற்சி. எழுத்துத் தேர்வில் நன்றாகத் தேறிய பலர் நேர்காணலில் பின்தங்கிவிடுகிறார்கள். தயாரிப்பின் பெரும் பகுதி தேர்வுக்கே போய்விடுவதுதான் காரணம்.

நிறுவனங்கள்

ஹரியானா மாநிலம் மானேசரில் உள்ள தேசிய மூளை ஆராய்ச்சி மையம் இத்துறைக்கென்றே 1999இல் தொடங்கப்பட்டது. 2003இல் அதை நாட்டுக்கு அர்ப்பணித்தவர் அப்துல் கலாம். அதன் நிறுவன இயக்குநர் விஜயலட்சுமி ரவீந்திரநாத், பின்னர் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் 2009இல் நரம்பறிவியல் மையத்தை உருவாக்கினார். அதே ஊரில் தேசிய மனநல, நரம்பறிவியல் நிறுவனமான நிம்ஹான்ஸும் தேசிய உயிரியல் அறிவியல் மையமும் இருக்கின்றன. பின்னதை நிறுவிய ஒபைத் சித்திகி, பழ ஈ மணத்தையும் சுவையையும் எப்படி உணர்கிறது என்ற ஆய்வை மும்பை டாடா அடிப்படை ஆய்வுக் கழகத்தில் வளர்த்தவர். புனே ஐசரிலும் சில ஐ.ஐ.டி.களிலும் நரம்பறிவியல் ஆய்வகங்கள் உண்டு.

தமிழ்நாட்டில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி அடிப்படை மருத்துவ அறிவியல் நிறுவனம் பழையது. சென்னை ஐ.ஐ.டி.யின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் 2022இல் தொடங்கப்பட்டது. 2024 டிசம்பரில் அது கருவிலுள்ள சிசுவின் மூளையைச் செல் அளவு நுணுக்கத்தில் முப்பரிமாணப் படங்களாக வெளியிட்டது. மூளை ஆய்வில் இறங்க ஊரை விட்டுப் போயே ஆக வேண்டும் என்ற நிலை அதனால் கொஞ்சம் மாறியிருக்கிறது.

யார் விண்ணப்பிக்கலாம்

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிமுறைப்படி, முதுநிலைப் பட்டத்தில் 55 விழுக்காடு வேண்டும். நான்காண்டு இளநிலைப் பட்டம் பெற்றவர்கள் 75 விழுக்காட்டோடு நேரடியாக வரலாம். பட்டியலினத்தவர், பழங்குடியினர், இதர பிற்படுத்தப்பட்டோர், மாற்றுத்திறனாளிகள், பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினர் ஆகியோருக்கு 5 விழுக்காடு தளர்வு உண்டு. இளநிலை முடித்தவர்களுக்கான ஒருங்கிணைந்த முனைவர் படிப்பும் சில இடங்களில் நடக்கிறது.

விலங்கியல், உயிர்வேதியியல், உயிர்த்தொழில்நுட்பம் படித்தவர்களுக்குத்தான் இந்தப் படிப்பு என்ற எண்ணம் நம் கல்லூரிகளில் இன்னும் வலுவாக இருக்கிறது. அது சரியல்ல. மூளையின் மின் பதிவுகளை அலசக் கணிதமும் நிரல் எழுதும் திறமையும் வேண்டும். நுண்ணோக்கி அமைக்க இயற்பியல் வேண்டும். முடிவெடுத்தலையும் நினைவையும் ஆராய உளவியல் வேண்டும். அதனால் இயற்பியல், பொறியியல், உளவியல், மருந்தியல் பட்டதாரிகளையும் எம்.பி.பி.எஸ். முடித்தவர்களையும் இத்துறை சேர்த்துக்கொள்கிறது. நரம்பறிவியலாளர் வி. எஸ். ராமச்சந்திரன் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் மருத்துவம் படித்து, பிறகு கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் பெற்றவர். எந்தப் பட்டம் எந்தத் துறைக்குச் செல்லும் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். அந்த ஆண்டின் அறிவிப்பைப் படிக்காமல் முடிவு செய்ய வேண்டாம்.

தேர்வுகள்

அதிகம் பேர் எழுதுவது சி.எஸ்.ஐ.ஆர்.–யு.ஜி.சி. நெட் தேர்வின் உயிர் அறிவியல் தாள். மூன்று மணி நேரம், 200 மதிப்பெண். மூன்று பகுதிகளில் 145 கேள்விகள் தரப்படும். 75க்கு விடையளித்தால் போதும். தவறான விடைக்குக் கால் பங்கு மதிப்பெண் குறையும். பாடத்திட்டத்தில் நரம்பு மண்டலம் ஒரு சிறு துண்டுதான். மூளையை ஆராய விரும்புபவரும் தாவர உடலியலையும் சூழலியலையும் எட்டிப் பார்த்தே ஆக வேண்டும்.

டாடா அடிப்படை ஆய்வுக் கழகத்தின் ஜீபில்ஸ் வேறு இயல்புடையது. மனப்பாடத்தை நம்பி அதை எழுத முடியாது. ஒரு வரைபடத்தைக் கொடுத்து அதிலிருந்து என்ன முடிவுக்கு வரலாம், வரக் கூடாது என்று கேட்கும். வழக்கமாக டிசம்பரில் நடக்கும் இந்தத் தேர்வை, இத்துறைக்கு மிகப் பொருத்தமானது என்று தயங்காமல் சொல்லலாம். இவை தவிர கேட் தேர்வும் உயிர்த்தொழில்நுட்பத் துறையின் பெட் தேர்வும் உண்டு.

2024 முதல் நெட் முடிவுகள் மூன்று வகையாக வருகின்றன: ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வு உதவித்தொகை), உதவிப் பேராசிரியர் தகுதியோடு முனைவர் சேர்க்கை, முனைவர் சேர்க்கை மட்டும். பின்னிரண்டு வகையினருக்குப் பல்கலைக்கழகச் சேர்க்கையில் நெட் மதிப்பெண் 70 விழுக்காடு, நேர்காணல் 30 விழுக்காடு என்று கணக்கிடுவார்கள். சேர்க்கைக்கான அந்த மதிப்பெண் ஓராண்டுதான் செல்லும்.

உதவித்தொகை

2023 ஜனவரி முதல் ஜே.ஆர்.எஃப். மாதம் ரூ.37,000, இரண்டாண்டுக்குப் பின் எஸ்.ஆர்.எஃப். (முதுநிலை ஆய்வு உதவித்தொகை) ஆனால் ரூ.42,000. வீட்டு வாடகைப் படி தனி. பல்கலைக்கழகத்தில் முதலிடம் பெற்றவர்களுக்கு இன்ஸ்பயர் உதவித்தொகை இருக்கிறது. மாணவரே உதவித்தொகையோடு வந்தால் ஆய்வக நிதிக்குச் சுமை குறையும். ஆகவே வழிகாட்டி கிடைப்பதும் எளிதாகும்.

நேர்காணல்

நான்கைந்து பேராசிரியர்கள், ஒரு பலகை, எழுதுகோல். பெரும்பாலும் முதல் கேள்வி, 'உங்களுக்குப் பிடித்த தலைப்பு எது?' என்பதாகவே இருக்கும். நரம்புச் செல்லின் மின் துடிப்பு என்று மாணவர் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பாடநூலில் உள்ள வளைகோட்டை வரைவது யாருக்கும் வரும். அடுத்த கேள்வி, 'செல்லுக்கு வெளியே பொட்டாசியத்தை இரட்டிப்பாக்கினால்?' உள்ளே 140 மில்லிமோலார், வெளியே 5 என்றால், பொட்டாசியத்தின் சமநிலை மின்னழுத்தம் உடல் வெப்பநிலையில் ஏறத்தாழ −89 மில்லிவோல்ட். வெளியே 10 ஆக்கினால் அது −70 அளவுக்கு வரும். செல்லின் ஓய்வு நிலை மின்னழுத்தமும் அதைத் தொடர்ந்து மேலே ஏறும். நெர்ன்ஸ்ட் சமன்பாடு தெரிந்தவர் இதுவரை வந்துவிடுவார்.

'அப்படியானால் செல் எளிதில் துடிக்குமா, துடிக்காதா?' என்று மூன்றாவது கேள்வி வரும். துடிப்பு எழும் எல்லைக்கு அருகில் வந்துவிட்டதால் எளிதாகும் என்பது பாதி விடை. ஏறிய மின்னழுத்தம் அப்படியே நீடித்தால் சோடியம் வாயில்கள் செயலற்றுப் போகும், செல் துடிப்பதையே நிறுத்திவிடும் என்பது மீதி. இந்த மீதியை முன்பே படித்து வைத்திருக்க வேண்டியதில்லை. குறிப்புக் கொடுத்தால் பலகையில் நின்று யோசித்து அங்கே வந்து சேர்கிறாரா என்றுதான் பார்க்கிறார்கள். 'தெரியாது, ஆனால் இப்படி இருக்கலாம், ஏனென்றால்...' என்று தொடங்கும் விடைக்கு மதிப்பு அதிகம்.

பிறகு முதுநிலைத் திட்ட வேலையைப் பற்றிக் கேட்பார்கள். எத்தனை எலிகள், கட்டுப்பாட்டுக் குழு எது, அந்தப் புள்ளியியல் சோதனையை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள், முடிவு வேறு விதமாக வந்திருந்தால் என்ன நினைத்திருப்பீர்கள்? புராஜெக்ட் சென்டரில் பணம் கட்டி வாங்கிய ஆய்வேடு இந்த இடத்தில் இரண்டு நிமிடம்கூடத் தாங்காது. நம் ஊர்களில் இந்த வழக்கம் பரவியிருப்பது வேதனைக்குரியது. அறிவும் ஆர்வமும் உள்ள மாணவருக்குச் சொந்தக் கையால் ஒரு சோதனை செய்யும் வாய்ப்பையே அது பறித்துவிடுகிறது. கல்லூரியில் ஆய்வக வசதி இல்லையென்றால் வேறு வழிகள் உண்டு. மூன்று அறிவியல் அகாதமிகள் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆய்வு உதவித்தொகையில் இரண்டு மாதம் நல்ல ஆய்வகம் ஒன்றில் வேலை செய்யலாம். கணினி வழி நரம்பறிவியலுக்கு 2020இல் தொடங்கிய நியூரோமேட்ச் அகாதமி இணையத்திலேயே பயிற்சி தருகிறது.

வழிகாட்டியும் பரிந்துரைக் கடிதமும்

விண்ணப்பத்துக்கு முன் பேராசிரியருக்கு மின்னஞ்சல் எழுதுவது நல்லது. 'மதிப்பிற்குரிய ஐயா' என்று தொடங்கி ஐம்பது பேருக்கு ஒரே கடிதத்தை அனுப்பினால் பதில் வராது. அவருடைய அண்மைக் கட்டுரை ஒன்றைப் படித்து, அதில் எழுந்த ஒரு கேள்வியை நான்கு வரியில் கேட்டால் வர வாய்ப்புண்டு. பரிந்துரைக் கடிதத்திலும் இதே கதைதான். துறைத் தலைவர் என்ற பதவியைவிட, மாணவர் சோதனை செய்ததை அருகிலிருந்து பார்த்தவரின் சொல்லே எடுபடும். ஒரு வழிகாட்டியோடு ஐந்தாறு ஆண்டு வாழப் போகிறோம் என்பதால், அவரிடம் இப்போது படிக்கும் மாணவர்களிடமும் பேசிப் பார்ப்பது அவசியம். சில நிறுவனங்களில் முதலாண்டில் இரண்டு மூன்று ஆய்வகங்களில் சுழற்சியாக வேலை செய்த பிறகே வழிகாட்டியை முடிவு செய்கிறார்கள்.

வெளிநாடு

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் விண்ணப்பம் பெரும்பாலும் டிசம்பர் தொடக்கத்தில் முடியும். மூன்று பரிந்துரைக் கடிதமும் நோக்கக் கட்டுரையும் கேட்பார்கள், ஜி.ஆர்.இ. மதிப்பெண்ணைப் பல இடங்களில் கைவிட்டுவிட்டார்கள். நேர்காணல் ஜனவரி முதல் மார்ச் வரை நடக்கும். நிதியுதவியோடு இடம் கிடைத்தவர் ஏப்ரல் 15க்குள் முடிவைச் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் தேசிய நலவாழ்வு நிறுவனத்தின் பயிற்சி நிதி அந்நாட்டுக் குடிமக்களுக்கும் நிரந்தரக் குடியுரிமை பெற்றவர்களுக்கும் மட்டுமே என்பதால், வெளிநாட்டு மாணவருக்கான இடங்கள் குறைவு. 2025இல் ஆய்வு நிதி ஆட்டம் கண்டபோது பல பல்கலைக்கழகங்கள் முனைவர் சேர்க்கையையே குறைத்தன. ஜெர்மனியில் பொதுவாக முதுநிலைப் பட்டம் கேட்பார்கள். கோட்டிங்கனில் மாக்ஸ் பிளாங்க் கழகமும் பல்கலைக்கழகமும் சேர்ந்து 2000இலிருந்து நடத்தும் நரம்பறிவியல் பள்ளியில் இளநிலைப் பட்டதாரிகளும் சேரலாம்.