விடை

மலேசியாவின் பத்து காவான் தொழிற்பேட்டைப் பக்கம் ‘டெர்மினேஷன்’ என்றால் வேலை போனது என்றே பொருள். அந்நாட்டின் 1980ஆம் ஆண்டு ஆட்குறைப்பு இழப்பீட்டு விதிகளின் பெயரிலேயே அந்தச் சொல் உண்டு. உளவள ஆலோசகர்களோ ஆலோசனைத் தொடரை முடித்துக்கொள்வதற்கும் அதையே சொல்கிறார்கள். ஆலை வேலைக்குப் போகிறவர் காதில் அது எப்படி விழும்! அதன் மூலமான இலத்தீன் ‘டெர்மினுஸ்’ எல்லைக்கல். அந்தக் கல்லைத் தெய்வமாக்கி ரோமானியர் பிப்ரவரி 23இல் விழா எடுத்தார்கள். எல்லை என்ற பொருள் தேய்ந்து, இன்று துண்டிப்புதான் மிஞ்சியிருக்கிறது. முடிகிற சிகிச்சை, முடியாத சிகிச்சை பற்றி ஃபிராய்டு 1937இல் தனிக்கட்டுரையே எழுதினார். தமிழில் இதற்கு ‘நிறுத்தம்’ என்றால் அது பேருந்தை நினைவூட்டுகிறது. ‘நிறைவு’ அழகுதான், ஆனால் எல்லாம் தீர்ந்தது என்று பொய் சொல்கிறது. என் தேர்வு ‘விடை’. விடு என்ற வேரில் விடுதலை, விடுப்பு, வீடுபேற்றின் ‘வீடு’ எல்லாம் கிளைத்தவை. விடை என்றால் பதில், போக அனுமதியும்கூட. கேட்டால்தான் கிடைக்கும், ஒருவர் கொடுக்க மற்றவர் பெற வேண்டும். நல்ல ஆலோசகர் செய்வதும் அதுவே: கடைசி நாளில் திடீரென்று கதவைச் சாத்தாமல், சில அமர்வுகளுக்கு முன்பே சொல்லி, வந்தபோது இருந்த நிலையையும் இப்போதைய நிலையையும் சேர்ந்து பார்த்து, பிரிவின் வருத்தத்தையும் பேசவிடுகிறார். தேவைப்பட்டால் திரும்ப வரலாம் என்கிறார். நம் வீடுகளிலும் ‘போறேன்’ என்றால் பாட்டி விடுவாரா? ‘போயிட்டு வரேன்’ என்று சொல்லவைத்துத்தான் அனுப்புவார்.