டிப்தீரியா: ஒரு சொல்லின் கதை

தொண்டை அடைப்பான் நோயை மருத்துவ நூல்கள் டிப்தீரியா என்று குறிப்பிடுகின்றன. இச்சொல்லின் பகுதி, விகுதிகளை ஆராய்ந்தால் ஒரு நோயை மனிதன் படிப்படியாகப் புரிந்துகொண்ட வரலாறே தெரியவரும்.

ஆங்கிலத்தில் இச்சொல்லுக்கு டிஃப்-தீ-ரி-யா என நான்கு அசைகள். அழுத்தம் இரண்டாம் அசையில் விழும். இதன் மூலமான கிரேக்கச் சொல் 'டிஃப்தெரா'. அதற்கு மூன்றே அசைகள். குரல் உயர்வதோ அங்கும் இரண்டாம் அசையில்தான். கார்பன் டை ஆக்சைடில் 'டை' என்பது இரண்டைக் குறிப்பதால், இங்கும் முதல் அசையைத் தனியே பிரித்து 'இரண்டு' எனப் பொருள் கொள்ளலாகாது. டிஃப்தெரா என்பது பிரிக்கவியலாத ஒரே பகுதி. அதன் பொருள் தோல் என்பதாகும்.

தோலுக்கும் தொண்டைக்கும் என்ன தொடர்பு? இந்நோய் கண்டவர் தொண்டையில் சாம்பல் நிறமான தடித்த சவ்வு ஒன்று படியும். உரித்தால் இரத்தம் கசியும். வளர்ந்தால் மூச்சை அடைக்கும். பிரான்சில் தூர் நகர மருத்துவரான பிரெத்தனோ, தோல் போன்ற இச்சவ்வையே அடையாளமாகக் கொண்டு 1826-இல் வெளியிட்ட நூலில் நோய்க்கு 'டிஃப்தேரீத்' என்று பெயரிட்டார்.

இப்பெயரின் 'ஈத்' என்ற விகுதி அழற்சியைக் குறிப்பது. டான்சிலைட்டிஸ் என்பதில் வரும் 'ஐட்டிஸ்' விகுதியும் இதுவே. ஆனால் தொண்டை குணமான பின்னும் சிலருக்கு அண்ணம் செயலிழந்தது; சிலர் இதயம் நின்று திடீரென இறந்தனர். ஓரிடத்து அழற்சி மட்டும் இவ்வாறு செய்யுமா? 1850-களில் அவ்விகுதி நீங்கி, 'டிஃப்தேரீ' என்ற பெயர் வழக்கிற்கு வந்தது. அதுவே ஆங்கிலத்தில் டிப்தீரியா ஆயிற்று.

விகுதி மாற்றம் சரியே என்பதைப் பின்வந்த ஆய்வுகள் மெய்ப்பித்தன. 1884-இல் ஜெர்மானியரான லோஃப்லர் இந்நோயின் பாக்டீரியாவைத் தனியே வளர்த்துக் காட்டினார். கிருமிகள் தொண்டையில் தங்கியிருக்க, பாதிப்போ தொலைவிலுள்ள உறுப்புகளில் காணப்பட்டது. 1888-இல் பாரிசில் ரூவும் எர்சினும் கிருமி வளர்ந்த திரவத்தை வடிகட்டி, கிருமியற்ற அத்திரவத்தை விலங்குகளுக்குச் செலுத்தினர். அவற்றுக்கும் நோய்க்குறிகள் தோன்றின! கிருமி சுரக்கும் நச்சு இரத்தத்தில் கலந்து இதயத்தையும் நரம்புகளையும் தாக்குகிறது என்பது தெளிவாயிற்று. 1890-இல் பேரிங்கும் கிடசாட்டோவும் எதிர்நச்சு பற்றிய ஆய்வை வெளியிட்டனர். மருத்துவத்திற்கான முதல் நோபல் பரிசு 1901-இல் பேரிங்குக்குக் கிடைத்தது.

இன்று குழந்தைகளுக்குப் போடப்படும் தடுப்பூசியிலும் இருப்பது கிருமியன்று. வீரியம் நீக்கப்பட்ட அதன் நச்சே. 'தொண்டை அடைப்பான்' என்ற நம் பெயர் நோய் தங்கும் இடத்தை மட்டுமே சொல்கிறது. ஆபத்து தொண்டையோடு நிற்பதில்லை என்பதைப் பெற்றோர் மறக்கலாகாது.