தாசில்தார் வேலையை விட்ட துப்பறியும் கதாசிரியர்

ஆவூர்ல பிரஷர் பாக்க வந்த பெரியவர் ஒருத்தர் போன வாரம் கேட்டாரு: "நம்பியார் பதினோரு வேஷம் கட்டுன படம் பாத்திருக்கீகளா டாக்டர்?"

பாக்கல. 'திகம்பர சாமியார்', 1950, மாடர்ன் தியேட்டர்ஸ். வீட்டுக்கு வந்து தேடுனா, படத்தை விட அந்தக் கதையை எழுதுனவரோட கதை சுவாரஸ்யமா இருக்கு. அதான் இந்த த்ரெட் 👇

வடுவூர் கே. துரைசாமி ஐயங்கார். மன்னார்குடி பக்கத்து வடுவூர்தான். பிறந்தது 1880. பி.ஏ. படிச்சு தாசில்தார் உத்தியோகம் பார்த்தவர். வெள்ளைக்காரன் காலத்து தாசில்தார்னா சும்மாவா? அதை உதறிட்டு நாவல் எழுத வந்தார். (நான் ஆஸ்பத்திரியை மூடிட்டு எழுதப் போறேன்னு வீட்ல சொல்லிப் பார்க்கணும்!)

'மனோரஞ்சனி'ன்னு ஒரு மாத இதழ். 'மேனகா', 'கும்பகோணம் வக்கீல்', 'வித்யாசாகரம்'னு நாவல்கள். 'மேனகா' 1935-லயே ராஜா சாண்டோ இயக்கத்துல, டி.கே.எஸ். சகோதரர்கள் நடிச்சு படமா வந்துச்சு.

இவர் மேல உள்ள பெரிய புகார்: "எல்லாம் இங்கிலீஷ் தழுவல்." பாதிக்கு மேல உண்மைதான். 'பூரணசந்திரோதயம்' ஜி.டபிள்யூ.எம். ரெனால்ட்ஸ் எழுதின லண்டன் அரண்மனை மர்மக் கதையோட தழுவல்.

ஆனா அந்த ரெனால்ட்ஸ் யாரு? முதல்ல டிக்கன்ஸோட பிக்விக்கை எடுத்து வெளிநாட்டுக்கு அனுப்பி ஒரு கதை எழுதினவர். அடுத்து, பிரெஞ்சுக்காரர் யூஜின் சூ எழுதின 'பாரிஸ் மர்மங்கள்' சக்கைப்போடு போட்டதும், 1844-ல 'லண்டன் மர்மங்கள்' ஆரம்பிச்சார். வாரம் ஒரு பென்னி விலை. லண்டன்ல கூலி வேலை செஞ்சவங்க வாங்கிப் படிச்சாங்க, பெரிய மனுஷங்க முகம் சுளிச்சாங்க. நம்ம ஊர்ல டிக்கன்ஸுக்குச் சமமா, சில இடங்கள்ல அதுக்கு மேலயும் ரெனால்ட்ஸைப் படிச்சிருக்காங்க.

பாரிஸ்ல இருந்து லண்டன், லண்டன்ல இருந்து தஞ்சாவூர். ரெனால்ட்ஸ் செத்தது 1879. வடுவூரார் பிறந்தது அடுத்த வருஷம்!

ரெனால்ட்ஸ் செஞ்சா தொழில், வடுவூரார் செஞ்சா திருட்டா? அரண்மனையை தஞ்சாவூருக்குக் கொண்டுவந்து, ஆளுங்களைத் திருவாரூர்ல பிறக்க வச்சு, நம்ம வீட்டுப் பேச்சைப் பேச வைக்கிறது லேசுப்பட்ட வேலை இல்ல. துப்பறியறவருக்குச் சாமியார் வேஷம் போட்டு விட்டதுதான் உச்சம். 

ஒரு சைடு தகவல்: துப்பறியும் கதைன்னா குளோரோஃபார்ம் கைக்குட்டை கட்டாயம். மூக்குல வச்சதும் ஆள் சாயறது கதையிலதான். நிஜத்துல சில நிமிஷம் இழுக்கணும்.

ஐயங்கார்களோட பூர்வீகம் எகிப்துன்னு இங்கிலீஷ்ல ஒரு ஆராய்ச்சிப் புத்தகமும் போட்டார். அதை நம்ப வேணாம் 😄

1942-ல காலமானார். நம்பியாரோட பதினோரு வேஷத்தை அவர் பாக்கல.

பெரியவர் அடுத்த செக்கப்புக்கு வர்றப்போ கொடுக்க 'மேனகா' ஒண்ணு வாங்கி வச்சிருக்கேன். பிரஷர் கட்டுப்பாட்டுலதான் இருக்கு, படிக்கலாம்.